எந்தக் கடலில் நீர்மூழ்கிகள் போரின் போக்கை மாற்றின? அட்லாண்டிக், பசிபிக், மத்தியதரைக் கடல், இந்தியப் பெருங்கடல்

#1 திசைகாட்டி

இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. எந்த நூலைத் திறந்தாலும் ஜெர்மனியின் யு-படகுகளைப் பற்றிய பேச்சே மிகுந்திருக்கிறது. ஆனால் கணக்குகளை அருகருகே எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒரு குழப்பம் எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1939 செப்டம்பர் முதல் 1945 மே வரை ஏறத்தாழ 2,800 வணிகக் கப்பல்களை, அதாவது சுமார் 1 கோடியே 40 லட்சம் டன் அளவுக்கு, மூழ்கடித்தன. அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்த ஜப்பானிய வணிகக் கப்பல்களோ, போருக்குப் பின் அமெரிக்கத் தரப்பே சரிபார்த்துக் கழித்த கணக்கின்படி, 1,100க்குச் சற்று மேல்தான். டன் அளவில் ஏறத்தாழ 48 லட்சம். மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே மூழ்கடித்தவர்கள் எதிரியின் கடல் வணிகத்தை முடக்கிவிட்டார்கள். மூன்று மடங்கு மூழ்கடித்தவர்கள் தோற்றார்கள்.

ஜப்பான் போரில் இறங்கியபோது அதனிடம் இருந்த வணிகக் கப்பல்களின் மொத்தமே 60 லட்சம் டன்தான் என்பதும், அமெரிக்கா போர்க்காலத்தில் லிபர்ட்டி வகைக் கப்பல்களை மட்டுமே 2,710 கட்டி இறக்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, மூழ்கடித்ததை எதிரியின் கையிருப்போடும் அவன் கட்டும் வேகத்தோடும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். இந்த ஒரு வகுத்தல் கணக்கு எல்லாக் கடல்களுக்கும் பொருந்துமா?

#2 அலைவாய்

வகுத்தல் கணக்கு தவறில்லை. ஆனால் அது அட்லாண்டிக் போரை முன்கூட்டியே முடிந்துபோன ஒன்றாகக் காட்டிவிடுகிறது. 1942 நவம்பரில் யு-படகுகள் ஒரே மாதத்தில் 7 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கடித்தன. அவற்றின் தளபதி டோனிட்ஸ் பிரிட்டனை வீழ்த்துவதற்குத் தேவை என்று கணக்கிட்ட அளவை அந்த மாதம் எட்டியது. 1943 மார்ச்சில் எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்ற இரண்டு கான்வாய்கள் (போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல் அணிகள்) நடு அட்லாண்டிக்கில் 20க்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்தபோது, கான்வாய் முறையே இனி காப்பாற்றாதோ என்ற ஐயம் லண்டனில் எழுந்தது.

அடுத்த ஏழெட்டு வாரங்களில் நிலைமை தலைகீழானது. ஓஎன்எஸ் 5 என்ற கான்வாய் ஏப்ரல் இறுதியில் வெற்றுக் கப்பல்களோடு மேற்கு நோக்கிப் புறப்பட்டு, புயலில் சிதறி, 13 கப்பல்களை இழந்தது. மே 5 இரவு பனிமூட்டம் இறங்கியது. ஓநாய்க் கூட்டம் என்று அழைக்கப்பட்ட நீர்மூழ்கிக் குழுவுக்குக் கண் தெரியவில்லை. காவல் கப்பல்களிலிருந்த புதிய குறு அலை ரேடாருக்கோ பனிமூட்டம் ஒரு தடையே இல்லை. அந்தச் சண்டையில் 6 யு-படகுகள் அழிந்தன. அந்த ஒரு மாதத்தில் ஜெர்மனி இழந்தவை 41. மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் படகுகளை விலக்கிக்கொண்டார்.

ரேடார், வானொலி அலை வரும் திசையைக் கண்டறியும் கருவி, நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், சிறு விமானந்தாங்கிகள், உடைக்கப்பட்ட ஜெர்மன் எனிக்மா இயந்திரச் சங்கேதம் ஆகிய எல்லாம் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்ததன் விளைவு அது. இவற்றில் ஒன்றிரண்டு ஓராண்டு தாமதமாகியிருந்தால் லிபர்ட்டி கப்பல்களின் எண்ணிக்கை மட்டும் கைகொடுத்திருக்குமா என்பதில் எனக்கு உறுதியில்லை. யு-படகுகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் நான்கில் மூவர் திரும்பி வரவில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

#3 பொறியறை

தம்பி திசைகாட்டி, நான் 31 ஆண்டுகள் எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். உங்கள் கணக்கில் மூழ்கிய கப்பல் இருக்கிறது, கட்டிய கப்பல் இருக்கிறது. மூழ்காமலே வீணான கப்பல் இல்லை. என் அனுபவத்தில் அதுதான் பெரிய எண்ணிக்கை.

ஒரு சரக்குக் கப்பலின் பயன் அது எத்தனை டன் ஏற்றும் என்பதில் மட்டும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை நடை போய்வரும் என்பதில் இருக்கிறது. கான்வாயில் போக வேண்டுமென்றால் முதலில் துறைமுகத்தில் மற்றக் கப்பல்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வரிசையில் மிக மெதுவாகப் போகும் கப்பலின் வேகத்தில்தான் எல்லோரும் போக வேண்டும். மெதுவான கான்வாய் என்றால் மணிக்கு 7 கடல்மைல். போய்ச் சேர்ந்ததும் நாற்பது கப்பல்கள் ஒரே நாளில் துறைமுக வாயிலில் நிற்கும். கிரேன் நாற்பது இல்லை. இத்தாலி போரில் இறங்கியபின் மத்தியதரைக் கடல் வழி மூடிக்கொண்டதால், பிரிட்டனிலிருந்து எகிப்துக்குப் போகும் சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனது. சுமார் 3,000 மைல் வழி 12,000 மைலுக்கும் மேலாயிற்று. ஒரு கப்பலும் மூழ்காமலே, அந்தத் தடத்தில் ஓடிய ஒவ்வொரு கப்பலும் கால் கப்பலாகிவிட்டது.

பிரிட்டனின் இறக்குமதி போருக்கு முன் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல். 1942இல் அதில் பாதிகூட இல்லை. அந்தக் குறைவில் டார்பிடோ நேரடியாகத் தின்றது ஒரு பகுதி. மீதி, டார்பிடோவுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடுகள் தின்றவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கடைசியாக வேலை பார்த்த கப்பலில் இன்ஜின் அறையின் அடித்தளம் நீர்மட்டத்துக்கு மிகவும் கீழே இருந்தது. நள்ளிரவு வாட்ச் முடிந்து மேலே வர நான்கு இரும்பு ஏணி ஏற வேண்டும். கைப்பிடி எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கும். டார்பிடோ வந்து தாக்குவது அந்த மட்டத்தில்தான். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப்போட்டவர்களிலும் எண்ணெய் பூசியவர்களிலும் பெரும் பங்கு இந்திய மாலுமிகள். சில்ஹெட்டிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் கோவாவிலிருந்தும் போனவர்கள். இறந்த இந்திய வணிகக் கடலோடிகள் 6,000 பேர் அளவில். டன் கணக்குப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணிதான் நினைவுக்கு வருகிறது.

#4 கிழக்குக்கடல்

பொறியறை ஐயா சொன்ன 'வீணான கப்பல்' என்ற கருத்தைப் பசிபிக்குக்குக் கொண்டுபோனால், அங்கே தொடக்கத்தில் வீணானது அமெரிக்காவின் டார்பிடோதான் என்று சொல்ல வேண்டும். மார்க் 14 டார்பிடோ அமைத்த ஆழத்தைவிட 10 அடிக்கு மேல் கீழே ஓடியது. காந்த வெடிமுனை தவறான நேரத்தில் வெடித்தது. நேராக மோதினால் அடிக்கும் ஊசி நசுங்கி வெடிக்காமல் போனது. ஒரு குறை மற்றொன்றை மறைத்ததால் மூன்றையும் கண்டுபிடிக்க 1943 இலையுதிர் காலம் வரை ஆயிற்று. 1942 ஜூனில் லாக்வுட் என்ற தளபதி ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே மீன்வலையைக் கடலில் தொங்கவிட்டு, 10 அடிக்கு அமைத்த டார்பிடோவை ஏவச் செய்தார். வலையில் ஓட்டை விழுந்த இடம் 25 அடி ஆழம். ஒரு மீனவ வலை சொன்ன உண்மையைத் துறைசார் நிபுணர்கள் ஏற்றுக்கொள்ளவே சில வாரங்கள் பிடித்தன. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, நின்றுபோன ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஏவிய டார்பிடோக்களில் 11 வெடிக்கவே இல்லை. கடைசி ஒன்றை ஆய்வுக்காகத் திருப்பி எடுத்துச் சென்றார்கள்.

டார்பிடோ சரியான பிறகு நடந்தது வேறு கதை. ஜப்பானிய வணிகக் கப்பல்களின் நண்பகல் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் வானொலிச் சங்கேதம் உடைக்கப்பட்டிருந்தது. ஜப்பானோ கான்வாய்க் காவலுக்கென்று ஒரு தலைமையகத்தை 1943 நவம்பரில்தான் ஏற்படுத்தியது. அது வரை அந்த வேலை யாருக்கும் பெருமை தராத வேலையாகவே இருந்தது. அவர்களின் நீர்மூழ்கிகளும் போர்க்கப்பல்களையே தேடின. பின்னர் பட்டினி கிடந்த தீவுகளுக்கு அரிசி சுமந்தன.

விளைவை நான் இரண்டு இடங்களில் பார்க்கிறேன். முதலாவது, சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள லிங்கா நங்கூரத்துறை. 1944 ஜூனுக்குப் பின் ஜப்பானின் பெரிய போர்க்கப்பல்கள் அங்கே போய் நின்றன, ஏனெனில் எண்ணெய் சுமத்ராவில் இருந்தது, அதைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணெய்க் கப்பல்கள் கடலடியில் இருந்தன. விமானந்தாங்கிகளோ புதிய விமானிகளுக்குப் பயிற்சி தருவதற்காக ஜப்பானின் உள்கடலில் நின்றன. அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லேய்ட்டேயில் போருக்குப் புறப்பட்டபோது அந்தக் கடற்படை இரண்டு துண்டாக, இரண்டு திசையிலிருந்து வந்தது. சண்டை தொடங்கும் முன்பே அதைப் பிளந்ததில் நீர்மூழ்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது, ஜப்பானின் மலைக்காடுகள். 1945 மார்ச்சுக்குப் பின் தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றுபோயிற்று. பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் பைன் மரங்களின் வேர்களைத் தோண்டி, வெட்டி, உலையிலிட்டு எண்ணெய் வடித்தார்கள், விமானத்துக்கு எரிபொருள் கிடைக்குமென்று. மலைச்சரிவுகள் மொட்டையானதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வெற்றிக் கணக்காக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. 1944 ஆகஸ்ட் 22 இரவு போஃபின் என்ற அமெரிக்க நீர்மூழ்கி சுஷிமா மாரு என்ற கப்பலை மூழ்கடித்தது. ஒக்கினாவாவிலிருந்து பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட பள்ளிக் குழந்தைகள் அதில் இருந்தார்கள்; 700க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரிஸ்கோப்பில் தெரிந்தது காவலோடு போகும் ஒரு சரக்குக் கப்பல். டன் பட்டியலில் அது 6,700 டன் சொச்சம், அவ்வளவே.

#5 புதியவன்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையை எம்டன் தாக்கியதை இந்தியப் பெருங்கடல் நீர்மூழ்கிப் போரில் சேர்க்கலாமா?

#6 அலைவாய்

சேர்க்க இயலாது, நண்பரே. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டன், நீரின்மேல் ஓடும் குரூசர் வகைக் கப்பல். காலமும் முதல் உலகப் போர். ஆனால் ஒற்றைக் கப்பல் வங்காள விரிகுடாவின் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவைத்தது என்ற வகையில், பொறியறை ஐயா சொன்ன 'அச்சத்தின் செலவு'க்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

#7 நெய்தல்_யாழ்

இந்தியப் பெருங்கடலை ஒரு கேள்வியோடு கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூழ்கிய டன் கணக்கில் இக்கடல் பின்வரிசையில்தான் நிற்கும். 1942 ஜூன், ஜூலையில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் மொசாம்பிக் கால்வாயில் 20க்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. பின்னர் ஜெர்மன் படகுகள் பினாங்கைத் தளமாகக்கொண்டு சில காலம் இயங்கின. 1942 நவம்பர் 23 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன திலாவா என்ற பயணிகள் கப்பல் ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு 280 பேர் இறந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்பட வேண்டிய கப்பல் கெதிவ் இஸ்மாயில். கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த அதை 1944 பெப்ரவரி 12 அன்று மாலைதீவின் தென்கோடிக்கு அருகே ஐ-27 தாக்கியது. இரண்டு நிமிடத்துக்குள் கப்பல் போய்விட்டது. கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினரும் தாதியரும் உட்பட ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் நீந்திக்கொண்டிருந்த இடத்துக்கு அடியிலேயே நீர்மூழ்கி பதுங்கியிருந்ததால், காவலுக்கு வந்த பெட்டார்ட், பாலடின் என்ற இரு நாசகாரிக் கப்பல்கள் ஆழ்நீர்க் குண்டுகளை அவர்கள் நடுவே வீச நேர்ந்தது. அந்தப் பெட்டார்ட்தான் 1942 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் யு-559ஐப் பிடித்த கப்பல். மூழ்கிக்கொண்டிருந்த அந்தப் படகுக்குள் இறங்கிச் சங்கேத நூல்களை எடுத்துக்கொடுத்த ஃபாசன், கிரேசியர் இருவரும் அதனோடேயே போனார்கள். அந்த நூல்களால்தான் டிசம்பரில் அட்லாண்டிக் எனிக்மா மீண்டும் உடைந்தது. ஆகவே இந்தக் கடல்களைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிட முக்கியமான தொடர்பு அரிசியில் இருக்கிறது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. இலங்கை தன் அரிசியில் பாதிக்கும் மேல் கடல்கடந்து வாங்கிய நாடு. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் மரவள்ளிக் கிழங்குமாகக் கழிந்த அந்த ஆண்டுகளை என் அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போது அவர் கையில் கூப்பன் பிடித்திருப்பது போலவே விரல்களை மடக்கிக்கொள்வார். பர்மாவை வீழ்த்தியது நீர்மூழ்கி இல்லைத்தான். ஆனால் மாற்று அரிசியும் கோதுமையும் கொண்டுவரக் கப்பல் வேண்டும். 1943 ஜனவரியில் சர்ச்சிலின் அரசு இந்தியப் பெருங்கடலில் ஓடிய வணிகக் கப்பல்களில் பெரும்பகுதியை அட்லாண்டிக்குக்கு மாற்றியது. யு-படகுகள் பிரிட்டனின் இருப்பைக் கரைத்ததற்கான ஈடு, எங்கள் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அட்லாண்டிக் நீர்மூழ்கிப் போரின் தாக்கத்தை லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் மட்டும் அளந்தால் போதுமா?

#8 அலைவாய்

நெய்தல் அவர்கள் சொன்னது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வங்காளப் பஞ்சத்தை யு-படகுகளின் கணக்கில் எழுதினால், முடிவெடுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று வங்காளத்தின் பெரிய படகுகளைப் பறிமுதல் செய்தது, மாகாணங்களுக்கிடையே தானியம் போக விடாமல் தடுத்தது, கேட்ட தானியத்தை அனுப்ப மறுத்தது ஆகிய இவை எல்லாம் அலுவலக மேசையில் எடுத்த முடிவுகள். 1942 அக்டோபரில் மிதினாப்பூரைச் சிதைத்த புயலும் உண்டு. கப்பல் பற்றாக்குறை உண்மை. அந்தப் பற்றாக்குறையை யார் தலையில் கட்டுவது என்று தேர்ந்தெடுத்தது அரசு.

#9 நெய்தல்_யாழ்

அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் சொல்ல வந்ததும் அந்தத் தேர்வைத்தான். கப்பல் குறைந்தபோது பிரிட்டனில் பங்கீடு இறுகியது, ஆனால் யாரும் பட்டினியால் சாகவில்லை. குறையைக் கைமாற்றிவிட ஒரு பேரரசு அவர்களிடம் இருந்தது. ஆகவே ஒரு நீர்மூழ்கிப் படை எவ்வளவு மூழ்கடித்தது என்று கேட்டதோடு, அந்தக் குறை கடைசியில் யாருடைய சோற்றுப் பானைக்கு வந்து சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

#10 கிழக்குக்கடல்

பசிபிக்கிலும் அதே கேள்வி நிற்கிறது. 1944, 1945இல் வட வியட்நாமில் பஞ்சத்தால் 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை மக்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஜப்பானியரும் பிரெஞ்சு நிருவாகமும் நெல்லை வலுக்கட்டாயமாக எடுத்தார்கள், நெல் வயலில் சணல் போடச் செய்தார்கள், வெள்ளமும் வந்தது. தெற்கே சைகோன் பக்கம் அரிசி இருந்தது. ஆனால் கரையோரக் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகளும் விமானங்களும் கடலில் இட்ட கண்ணிவெடிகளும் ஒழித்திருந்தன. ரயில் பாதையும் குண்டுவீச்சில் அறுந்திருந்தது. ஜப்பானை நெரித்த கயிறு, ஜப்பானுக்கு எதிரியான ஒரு மக்களின் கழுத்தையும் சுற்றியது.

#11 பொறியறை

மத்தியதரைக் கடலை யாரும் தொடவில்லையே. மால்டாவிலிருந்து பிரிட்டனின் சிறிய யு-வகை நீர்மூழ்கிகள் (ஜெர்மன் யு-படகுகள் அல்ல) செய்த வேலை பெரிது. அவற்றில் ஒன்றான அப்ஹோல்டர் 1941 செப்டம்பர் 18 அன்று நெப்டூனியா, ஓஷியானியா என்ற இரண்டு பெரிய துருப்புக் கப்பல்களை ஒரே காலையில் மூழ்கடித்தது. 1942 ஏப்ரலில் அதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் தாக்கம் என்று வரும்போது நான் தயங்குவேன். லிபியாவுக்குப் புறப்பட்ட அச்சு நாடுகளின் (ஜெர்மனி, இத்தாலி) சரக்கில் பெரும்பகுதி, சில மாதங்கள் நீங்கலாக, போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. இறங்கிய சரக்கைத் திரிப்போலியிலிருந்து போர்முனைக்கு நூற்றுக்கணக்கான மைல் லாரியில் கொண்டுபோக வேண்டும். அந்த லாரிகளே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தன. துறைமுகமும் சாலையும் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கும் இடத்தில், நீர்மூழ்கியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

#12 திசைகாட்டி

என் அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கடலுக்கும் 'நடக்காமல் போன பயணங்கள்', 'குறை எங்கே தள்ளப்பட்டது' என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன். ஜப்பானின் வரிசையில் இரண்டாவது பத்தியில் கொரியாவும் வியட்நாமும் ஓரளவே வருகின்றன, ஏனெனில் 1944 இறுதியில் தள்ளிவிடுவதற்கே கப்பல் மிச்சமில்லை. ஒரு சந்தேகம் மட்டும் உள்ளது, கிழக்குக்கடல் அவர்களே. 1945 மார்ச் இறுதியில் பி-29 விமானங்கள் ஜப்பானின் நீரிணைகளில் கண்ணிகளை விதைக்கத் தொடங்கியபின் நீர்மூழ்கிகளுக்கு என்ன வேலை இருந்தது?

#13 கிழக்குக்கடல்

மிகக் குறைவு. திறந்த கடலில் இலக்கே அரிதாகிவிட்டது. கப்பல் மிச்சமிருந்த இடம் ஜப்பான் கடல்; மஞ்சூரியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் தானியமும் நிலக்கரியும் உப்பும் அந்த வழியாக வந்துகொண்டிருந்தன. 1945 ஜூனில் 9 அமெரிக்க நீர்மூழ்கிகள் சுஷிமா நீரிணையின் கண்ணி வரிசைகளுக்கு அடியில் மெதுவாக ஊர்ந்து உள்ளே போயின. முன்னால் கண்ணி இருந்தால் மணியோசை போல ஒலிக்கும் ஒரு புதிய ஒலிக்கருவி அவற்றில் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு படகில் கண்ணியின் நங்கூரக் கம்பி உடற்பகுதியை உரசிக்கொண்டே முன்னிருந்து பின்வரை போனதை உள்ளே இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். இரண்டு வாரத்தில் 27 கப்பல்களை மூழ்கடித்தார்கள். பலவும் சிறிய கப்பல்கள்.

அந்த 27 கப்பல்கள் போரின் முடிவை ஒரு வாரமாவது முன்னுக்குக் கொண்டுவந்தன என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஜூன் 24 அன்று வடக்கே லா பெரூஸ் நீரிணை வழியாகப் பனிமூட்டத்தில் நீரின்மேலேயே வெளியேறியவை 8. போன்ஃபிஷ் என்ற படகு, டோயாமா விரிகுடாவுக்குள் பகலில் நுழைய அனுமதி கேட்டுப் போனது, 85 பேரோடு அங்கேயே இருக்கிறது.